பட்டியலில் இல்லாத கட்டம்: கடலூர்க் கரையோர உயர்நிலைப் பள்ளிகளுக்கான நடைமுறைக் குறிப்புகள்

பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸ் பக்கத்தைத் திறந்தால் ஒரு பள்ளியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை. பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று வகை வகையாக இத்தனை. தமிழ் வழி, ஆங்கில வழி. மேலே அனுப்பும் கணக்குக்கு இது போதும். பள்ளி நடத்தப் போதாது. கரையோரத்தில் வலை இழுக்கும் வீட்டுப் பையனும், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகும் வீட்டுப் பெண்ணும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வீட்டுப் பெண்ணும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். ஆனால் முதல் வீட்டில் கை காய்வது ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை. இரண்டாவது வீட்டில் வேலை மும்முரமாவதே பொங்கலை ஒட்டித்தான். மூன்றாவது வீட்டில் பங்குனி, சித்திரையில் பிள்ளையின் விரலும் தேவைப்படும். எமிஸில் இல்லாத அந்தக் கட்டத்தின் பெயர் மாதம்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே எமிஸுக்கு வெளியே ஒரு தாள் போட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைக்கு ஒரு வரி, ஏழு கட்டம். வீடு எந்தத் தெருவில், எந்தப் பேருந்தில் வருகிறது? வீட்டுக்குச் சோறு போடும் தொழில் எது, எந்த மாதம் அது படுக்கும்? போன் யார் கையில், எத்தனை மணிக்கு? கையெழுத்துப் போடப் பள்ளிக்கு வரக்கூடியவர் யார்? சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் எந்த நிலையில்? வீட்டில் பேசுவது என்ன மொழி? கடைசிக் கட்டம் கண்ணும் காதும்.

இதில் போன் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. பாதித் தொல்லை அதில்தான். வீட்டில் ஒரே போன் என்றால் அது அப்பாவோடு கடலுக்குப் போகும். ஃபைபர் படகுக்காரர் விடியுமுன் கிளம்பி முற்பகலில் கரைக்கு வருவார், மதியம் தூங்குவார். காலை 10 மணிக்கு ‘உங்க பையன் வரல’ என்று அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். மாலை 5 மணிக்கு மேல் அழைத்தால் பேசலாம். மீன் விற்கப் போகும் அம்மா பிற்பகலில்தான் வீடு திரும்புவார். இன்னொன்று: ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். எட்டாம் வகுப்பில் எமிஸில் ஏறிய எண் பத்தாம் வகுப்பில் யாரோ ஒருவருடையதாக இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், வகுப்பாசிரியர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும்.

மொழிக் கட்டமும் அப்படித்தான். வேகமாகப் பதிவேற்றும் அவசரத்தில் தாய்மொழி என்ற இடத்தில் எல்லோருக்கும் தமிழ் என்று அமுக்கிவிடுகிறார்கள். இருளர் வீட்டுப் பிள்ளை, வாக்ரி பேசும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை, தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை, உருது வீட்டுப் பிள்ளை, செங்கல் சூளைக்கும் தொழிற்பேட்டைக்கும் வந்த ஒடியா, இந்திக் குடும்பத்துப் பிள்ளை எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள். அறிவியல் தாளில் வினாவே புரியாமல் விட்டது யார், பாடமே புரியாமல் விட்டது யார் என்று பிரித்துப் பார்க்க இந்தக் கட்டம் வேண்டும்.

இனி மாதக் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி திறப்பது ஜூனில். பாடநூல், நோட்டு, பை, காலணி அரசு தருகிறது. விலையில்லாச் சீருடை, சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத்தான். ஒன்பதுக்கு ஏறும் பிள்ளைக்குத் துணி எடுத்துத் தைக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து முதல் மீன்பாடு கரைக்கு வருவதற்குள் அந்தச் செலவு வந்து நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் முதல் இரண்டு வாரம் வராமல் இருந்து, பிறகு வராமலே போவதில் சீருடைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே கரையோரப் பள்ளியில் ஜூனில் சீருடைக் கண்டிப்பு கூடாது. ஆடி பிறக்கும்வரை பழையதே போதும் என்று இறைவணக்கக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். பெற்றோர் ஆசிரியர் கழகச் சந்தா இருந்தால் அதையும் ஆகஸ்டுக்குத் தள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. தாழ்ந்த தெருவில் தண்ணீர் நின்றால் பிள்ளை வராது, வந்தாலும் நோட்டு நனைந்திருக்கும். தை பிறந்ததும் சூளைக்கும் கரும்புக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். மூட்டை கட்டிய பிறகு பேசினால் பயனில்லை. பாட்டியிடமோ அத்தையிடமோ பிள்ளையை விட்டுப்போக முடியுமா என்று பார்ப்பது முதல் வழி. விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்பது அடுத்தது. இரண்டும் இல்லையென்றால், போகும் ஊரின் பெயரையும் சூளை மேஸ்திரியின் எண்ணையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதி வட்டார வளமையத்துக்குத் தகவல் சொல்வது. பெயரை மட்டும் ‘நீண்ட நாள் வராதவர்’ என்று எழுதி வைப்பதால் யாருக்கும் பயன் இல்லை. மாசி மகத்தன்று வருகை குறையும்; அது ஒரு நாள் விஷயம், கவலைப்பட வேண்டாம். முந்திரி அப்படியில்லை. மார்ச் முதல் மே வரை பண்ருட்டி வட்டாரத்தில் அதுதான் வேலை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அந்த நேரத்தில்தான். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்திருக்கும் பிள்ளையிடம் ‘கையெழுத்து ஏன் இப்படி’ என்று கேட்கக் கூடாது.

கடந்த மூன்று வருஷத்து வருகைப் பதிவை மாதவாரியாக எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளம் விழும் வாரங்கள் ஏறக்குறைய அதே இடத்தில் விழும். புதுப் பாடத்தை அந்த வாரங்களில் தொடங்காமல், திருப்புதலை அங்கே வைத்தால் இழப்பு குறையும்.

சான்றிதழ்ச் சிக்கல்களை நீட்டிப் பேசலாம்; அடிக்கடி பணம் தடைபடும் இடங்களை மட்டும் சொல்கிறோம். முதலாவது, பெயர். பள்ளிப் பதிவில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். வங்கியில் மூன்றாவது வகையாக எழுதியிருப்பார்கள். மூன்றையும் ஒரே மாதிரி ஆக்காமல் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் திரும்பி வரும். பிறப்புச் சான்றைத்தான் மூலமாகக் கொள்ள வேண்டும். பள்ளிப் பதிவை ஒன்பதாம் வகுப்புக்குள் சரிசெய்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இரண்டாவது, ஆதாரை வங்கியில் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யில் பதிவது வேறு. பாஸ்புக்கில் ஆதார் எண் இருக்கிறது என்று பெற்றோர் சொல்வார்கள், பணம் வராது. வங்கியில் ‘என்.பி.சி.ஐ. மேப்பிங் ஆகியிருக்கிறதா’ என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். ஆறாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு ஒன்பதில் உயிரோடு இருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு ஒருமுறையாவது 50 ரூபாய் போட்டு எடுக்க வேண்டும். மூன்றாவது, ஆதாரில் 15 வயதில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது சரியாகப் பத்தாம் வகுப்பில் வரும். விட்டுவிட்டால் கைரேகை ஒத்துப்போகாமல் அடுத்தடுத்த வேலைகள் நிற்கும்.

சாதிச் சான்று இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் இருளர், நரிக்குறவர் வீட்டினர். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023-ல்; அதற்கு முன் வாங்கிய எம்.பி.சி. சான்று வைத்திருக்கும் அண்ணனும், புதிதாக விண்ணப்பிக்கும் தம்பியும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பழங்குடியினர் சான்றைத் தருவது கோட்டாட்சியர் நிலையில். விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். பத்தாம் வகுப்பு முடிந்து தேடினால் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை போய்விடும். ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சான்று இருந்தால் அதன் நகலை முதலில் தேடி எடுங்கள். பாதி வேலை முடிந்தது.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ‘எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க’ என்று சொல்லும் ஒரு நிமிஷத்தில் வருஷ வேலை நாசமாகும். வரிசை எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அலுவலகத்துக்கு அழைத்தால் போதும். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டை ஒழிப்பது பற்றி 2024-ல் நீதிபதி சந்துரு குழு அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலும் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்ற பரிந்துரை உண்டு. அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயமும் இல்லை இது.

எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வைப்பதை மறக்க வேண்டாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். ஒரு பிள்ளை படிப்பை நிறுத்துமா தொடருமா என்பதையே இந்தத் தொகை பல வீடுகளில் முடிவு செய்துவிடும். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும். அதை விண்ணப்பம் வந்த பிறகு தேடாமல் ஆகஸ்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.

கடலூருக்கே உரிய இன்னொரு விஷயம், எல்லை. ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி. அப்பாவுக்கு அங்கே வேலை, அத்தை வீடு பாகூரில் என்று பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவது சாதாரணம். முன்பு இரண்டு பக்கமும் ஒரே பாடநூல் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஒன்பதாம் வகுப்பு நடுவில் வரும் பிள்ளைக்கு அறிவியல் பாட வரிசையே வேறாக இருக்கும். அதைவிடப் பெரியது, பெற்றோருக்குத் தெரியாத ஒன்று: மேலே படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் தொகையும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டு வரை முதன்மையாகத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடர்ந்து படித்ததை வைத்துத்தான். இடையில் ஒரு வருஷம் எல்லை தாண்டிப் படித்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். டி.சி. கேட்டு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நியாயமில்லை. சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் முடிவு. போகும் பிள்ளையை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு (அடுத்த பள்ளி பெயரை எடுத்துக்கொள்ளும் இடம்) உடனே மாற்றுங்கள். 11 இலக்க நிரந்தரக் கல்வி எண்ணை டி.சி.யிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கம் சேர்க்கையில் முதலில் கேட்பது அதுதான்.

ஊர் ஆதரவு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பீரோ, மின்விசிறி, நுழைவு வளைவு. கொடுக்கிறவர்கள் பெயர் எழுதும் பொருளைத்தான் கொடுக்க விரும்புவார்கள். அதில் தவறில்லை, ஆனால் பள்ளிக்குப் பற்றாக்குறை பொருளில் இல்லை. ஆளிலும் பராமரிப்பிலும்தான். முன்னாள் மாணவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு துண்டுச் சீட்டு தயாராக இருக்க வேண்டும்: யு.பி.எஸ். பேட்டரி மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும், அதற்கு மாதம் இவ்வளவு ஒதுக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் கணினி அறையில் நிற்க ஒருவர் வேண்டும். மழைக்காலத்தில் மாலை வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகளோடு தெருமுனைவரை நடந்து வர இரண்டு அம்மாக்கள் வேண்டும். பேட்டரி ஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது? இன்றைய விலையைக் கடையில் கேட்டு 36-ஆல் வகுத்தால் மாதத் தொகை வரும். ஒரு வளைவு கட்டும் காசில் பல வருஷத்துப் பேட்டரிச் செலவு அடங்கும். ஆனால் பேட்டரியில் பெயர் எழுத முடியாதே என்பார்கள். எழுதலாம், பேட்டரிப் பெட்டிக் கதவில்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024-ல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதில்தான் குழு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். காலை 11 மணிக்கு வைத்தால் மீன்கூடை தூக்கும் அம்மா வர முடியாது, நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவும் வர முடியாது. கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கி வர வேண்டியதாகும். வெள்ளி என்றால் தொழுகை முடிந்து 3 மணிக்கு மேல். தீமிதி, காப்புக் கட்டிய வாரத்தில் வேண்டாம். மீனவக் கிராமத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லுக்கு எடை உண்டு. இடைநின்ற பையனைத் திரும்பக் கொண்டுவர வகுப்பாசிரியர் நான்கு முறை நடப்பதும் ஊர்த் தலைவர் ஒருமுறை ‘பையன பள்ளிக்கூடம் அனுப்புய்யா’ என்பதும் சமம். ஆனால் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் போகக் கூடாது. ஒரு பெண் பிள்ளையின் கல்யாணப் பேச்சை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனால் காரியம் கெட்டுவிடும்; அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கும் மேலாண்மைக் குழுக் கணக்கும் வேறு வேறு. நன்கொடை எதில் வந்தது என்று அன்றே எழுதுங்கள். பொருளாக வந்தால் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஏற்றுங்கள். ஏற்றாத பொருளுக்குப் பழுதுச் செலவு எழுத முடியாது, பிற்காலத்தில் கழிக்கவும் முடியாது. பல பள்ளிகளில் மாடிப்படி அடியில் குவிந்து கிடக்கும் மானிட்டர்கள் அப்படிப் பதிவேறாமல் போனவைதாம்.

பழைய கணினி தருகிறோம் என்று நிறுவனம் வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். ரேம் 4 ஜி.பி.யும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகும். 45 நிமிஷப் பாடவேளையில் அது ஒன்பதில் ஒரு பங்கு. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போடுவதே நல்லது. நெட் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை, சான்றிதழ்ப் பிழை என்கிறதா? பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி செத்துப்போய் கணினியின் தேதி பழைய வருஷத்துக்கு ஓடியிருக்கும். சில பத்து ரூபாய்ச் செலவு. அதற்காக இயந்திரத்தையே ஓரங்கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது வகுப்பறைச் சாதனங்கள். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியில் முதல் எதிரி உப்புக் காற்று. எச்.டி.எம்.ஐ. முனை, ரேம் இருக்கும் பள்ளம், யு.பி.எஸ். முனையங்கள் எல்லாம் பச்சை பூக்கும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பூட்டி வைத்துவிட்டு ஜூனில் போட்டால் பாதி எழாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிட வேண்டும். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும். எழாத கணினிக்கு முதல் வைத்தியம்: மின்சாரத்தை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டுவது. முனைகளுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. தேங்காய் எண்ணெய் தடவும் கை மருத்துவம் வேண்டாம், தூசு ஒட்டும்.

எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் இணைப்பு, அடுத்தது. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் வாக்கில். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இரண்டாவது அளவு 100, 120 என்று தடுமாறினால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அது இறங்கும் எர்த் குழி காய்ந்திருக்கிறது. கடலூர் மணலில் சித்திரை, வைகாசியில் குழி காயும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் ‘சுள்’ என்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகக் கூடாது.

யு.பி.எஸ்.ஸில் என்ன மாட்டுவது என்பதில் ஒரே விதி: லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் நொடியில் அது ஆயிரம் வாட் வரை இழுக்கும். ஒரு கணினி, மானிட்டரோடு சேர்த்து 100 வாட் என்று வைத்தால் 10 கணினிக்கு ஒரு கிலோவாட்; 2 கே.வி.ஏ. யு.பி.எஸ். தாங்கும், பிரிண்டர் சேர்ந்தால் ‘பீப்’ என்று படுக்கும். 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. பல நாள் சார்ஜுக்குப் பிறகும் 12.2-ஐத் தாண்டவில்லையென்றால் அது போய்விட்டது. தகரக் கூரை அறையில் பேட்டரி வைத்தால் ஆயுள் பாதியாகும். பத்து டிகிரி சூடு கூடினால் வாழ்நாள் பாதி குறையும் என்பது ஈய அமிலப் பேட்டரியின் குணம்.

ஸ்மார்ட் போர்டு தானாக எழுதுகிறது, தொடாத இடத்தில் புள்ளி விழுகிறது என்று புகார் வரும். பலகையின் விளிம்புச் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அதை மறைப்பதைத்தான் அது தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. சட்டத்தில் சாக்பீஸ் தூள் படிந்தாலும், யாரோ ஸ்டிக்கர் ஒட்டினாலும், ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் அதற்கு விரல்தான். உலர்ந்த மென்துணியால் நான்கு ஓரமும் துடைத்து, ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பாருங்கள். சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் தேவை பெரும்பாலும் இருக்காது. பச்சைப் பலகையும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் டஸ்டரை நனைத்துத் துடைக்க வேண்டும். மடிக்கணினியை மாட்டினால் படம் வருகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை என்பது இன்னொரு புகார். எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுபோகும்; தொடுதலுக்குத் தனி யு.எஸ்.பி. கம்பி வேண்டும், அது ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

எழுத்தளவில்தான் ஆசிரியர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 65 அங்குலப் பலகையின் உயரம் ஏறக்குறைய 80 செ.மீ. கடைசிப் பெஞ்சு 7 மீட்டரில் இருந்தால் எழுத்து குறைந்தது இரண்டரை செ.மீ. இருக்க வேண்டும். தமிழில் ‘கூ’ கீழே இறங்கும், ‘ளி’ மேலே ஏறும், ஆகவே வரி இடைவெளி கூடுதலாக விட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு திரைக்கு எட்டு வரி, மிஞ்சினால் பத்து. பாடநூல் பக்கத்தை அப்படியே பி.டி.எஃப். ஆகக் காட்டுவது பின்வரிசைப் பிள்ளைக்கு வெறும் சாம்பல் நிறம். ஒருமுறை கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அப்போதே கண் கட்டத்தையும் நிரப்பிவிடலாம்: எட்டு வரியும் படிக்க முடியாத பிள்ளைக்குக் கண் பரிசோதனை வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும், பாடநூலில் 2018 முதல் வந்துகொண்டிருக்கும் கியூ.ஆர். குறியீட்டிலும் நல்ல காணொளிகள் இருக்கின்றன. வகுப்பு நேரத்தில் நெட்டில் ஓடவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே இறக்கி வைக்க வேண்டும். பெண்டிரைவில் கொண்டுவந்தால் எஃப்.ஏ.டி. 32 வடிவில் இருக்கட்டும். வேறு வடிவத்தைச் சில டிவிகள் படிக்காது. ஆனால் அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. வினாத்தாள் திறந்தால் கிறுக்கலாக வருவது பழைய எழுத்துருத் தொல்லை. பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றிய பிறகு ‘ணை’, ‘னை’, ஒற்றெழுத்து எல்லாம் சரியா என்று ஒருமுறை படிக்க வேண்டும். காணொளி ஆறு ஏழு நிமிஷம் போதும், நடுவில் மூன்று முறை நிறுத்தி ‘அடுத்து என்ன ஆகும்’ என்று கேட்க வேண்டும். நாற்பது நிமிஷம் தொடர்ந்து ஓடும் படத்துக்குப் பெயர் பாடம் இல்லை, ஆசிரியர் இல்லாத வகுப்பைச் சமாளிக்கும் வழி.

40 பேர் வகுப்பில் ஓடும் கணினி பத்து என்று வைத்துக்கொள்வோம். நால்வர் ஒரு கணினி என்றால் சுட்டியைப் பிடிப்பது ஒரு பையன், மற்ற மூவர் வேடிக்கை. பெரும்பாலும் வீட்டில் போன் இருக்கும் பையனே பிடிப்பான். முதல் தாளின் போன் கட்டம் இங்கேயும் வந்து நிற்கிறது. பாதி வகுப்பை இங்கே, பாதியை வகுப்பறையில் எழுத்து வேலைக்கு என்று பிரித்து, இருவருக்கு ஒன்று, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற்றம். அதற்கு இரண்டாவது பெரியவர் வேண்டும். துண்டுச் சீட்டில் இருந்த அந்த வாரம் இரண்டு மணி நேரம் இதற்குத்தான்.

கடைசியாகப் புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் என்று இந்த மாவட்டம் பார்த்தது கொஞ்சமல்ல. பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாகிவிடும், கணினி அறைச் சாவி யாரிடம் என்ற கேள்வி நள்ளிரவில் வரும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் தரைத்தளத்து சி.பி.யூ.க்களை மேசைமேல் ஏற்றிவிடுங்கள். பிளக் பாயின்ட் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆணியில் மாட்டுங்கள். எச்சரிக்கை வந்ததும் மின்கம்பியை மட்டும் எடுப்பது போதாது, லேன் கம்பியையும் பிடுங்க வேண்டும். மின்னல் அதன் வழியாக வந்து சுவிட்சையும் பத்துக் கணினியின் நெட் போர்ட்டையும் ஒன்றாக எரிக்கும். சூடாக இருக்கும் சாதனத்தைப் பாலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பழைய வேட்டியால் மூடி, அதன்மேல் பாலித்தீன், அடிப்பக்கம் திறந்தபடி.

தண்ணீர் புகுந்துவிட்டால் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. நனைந்தவற்றின் பக்க மூடியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காற்றோட்டமாக நான்கைந்து நாள். ஹார்டு டிஸ்க்கைக் கழுவாமல் தனியே எடுத்து வைக்கவும். மின்சாரம் வந்ததும் முதலில் எர்த் அளவு, பிறகு யு.பி.எஸ்.ஸை எதுவும் மாட்டாமல் அரை நாள், அதன் பின் ஒவ்வொரு கணினியாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே பத்து நிமிஷம் விட்டு. அந்த இடைவெளியில் வகுப்பாசிரியர்கள் முதல் தாளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த தெருக்களின் பெயருக்கு நேரே இருக்கும் எண்களை அழைக்கத் தொடங்கலாம், மாலை 5 மணிக்கு மேல்.